நோயின் பெயரைக் குழந்தையிடம் சொல்லலாமா?

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் 6 வயது மகளுக்கு லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறிந்து, சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறார்கள் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். "நான் பேச்சுக் கேட்காததால்தான் ஊசி போடுகிறார்களா?" என்று நேற்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: சொல்லிவிடுங்கள். ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கான காரணம் உங்கள் மகளின் கேள்வியிலேயே இருக்கிறது. பெரியவர்கள் காரணம் சொல்லாதபோது அந்த வயதுக் குழந்தை தானாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் தன் மீதே சுமத்திக்கொள்ளும் குற்றமாக இருக்கும்.

மறைப்பதால் பயனும் இல்லை. லுகேமியாவிலிருந்து பிழைப்போர் சிலராக இருந்த காலத்தில், மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்நோயுள்ள 3 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுடன் மருத்துவமனையிலேயே பழகி, 1978-இல் தம் ஆய்வை வெளியிட்டார். யாரும் எதுவும் சொல்லாமலேயே அக்குழந்தைகள் தங்கள் நோயின் கடுமையை அறிந்திருந்தார்கள். அடுத்த படுக்கைக் குழந்தைகளிடமிருந்தும், பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதிலிருந்தும் தெரிந்துகொண்டதைப் பெற்றோர் மனம் நோகக்கூடாதென்று தெரியாததுபோல் காட்டிக்கொண்டார்கள். 6 வயதுக் குழந்தை தன் தாயைத் தேற்றுவதற்காக நடிக்க நேர்வதைவிடப் பெரிய தனிமை இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்குழந்தைகளுக்குக் கிடைக்காத நல்ல செய்தியும் இன்று உங்களிடம் இருக்கிறது: முழுச் சிகிச்சை பெறும் வசதியுள்ள நாடுகளில் இந்த வகை லுகேமியா வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, எலும்புக்குள் ரத்தம் உருவாகும் இடத்தில் சரியாக முதிராத அணுக்கள் பெருகி நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன, அதனால்தான் உனக்குச் சோர்வும் காய்ச்சலும் வந்தன, மருந்து அந்த அணுக்களை அழிக்கும் என்று விளக்குங்கள். இது உன்னாலும் வரவில்லை, வேறு யாராலும் வரவில்லை, யாருக்கும் ஒட்டாது என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். முடி உதிரப்போவதை உதிர்வதற்கு முன்பே சொல்லிவிட்டால், தலையணையில் முடியைப் பார்க்கும் காலையில் அவள் அவ்வளவாகத் திடுக்கிட மாட்டாள்.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நரம்பு வழியாகச் செல்லும் மருந்துகள் பல மூளையைச் சரியாக எட்டாததால், முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரில் மருந்து கலக்க வேண்டியிருக்கிறது. இது பலமுறை நடக்கும். முதல் முறை பொய் சொன்னால் அடுத்த முறை அவள் உங்களை நம்ப மாட்டாள். மயக்க மருந்தோ மரத்துப்போகச் செய்யும் களிம்போ உண்டா என்று முன்னதாகவே கேட்டறிந்து, "முழங்காலை மடக்கி அசையாமல் படுப்பது உன் வேலை, உன் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை" என்று பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது 4. லுகேமியாவுக்காக ஸ்டீராய்டு தொடங்கியதிலிருந்து நள்ளிரவில் பசிக்கிறது என்று அழுகிறான், தொட்டால் அடிக்கிறான், இப்போது நடக்கவும் மறுக்கிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?

பதில்: இல்லை. பசியும் சினமும் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளின் வேலை. மருந்து நின்றபின் படிப்படியாகத் தணியும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. "இந்தக் கோபம் மருந்தால் வருகிறது, நீ கெட்ட பையன் இல்லை" என்று 4 வயதுக் குழந்தையிடமும் சொல்லலாம். அடிப்பதை மட்டும் அனுமதிக்க வேண்டாம்.

நடக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிப்பதால் கால் வலிக்கலாம், பாதம் தொங்கி நடை தடுமாறலாம், தாடை வலியும் மலச்சிக்கலும் வரலாம். உடனே மருத்துவக் குழுவிடம் தெரிவியுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்காமல் முதலில் மருத்துவமனையை அழைக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும்.

கேள்வி: லுகேமியா மீண்டும் வராமலிருக்க மாத்திரைகள் தரும் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கும் என் 13 வயது மகன், "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று மாத்திரைகளைத் தவிர்க்கிறான்.

பதில்: அவன் கேட்பது நியாயமான கேள்வி, அதட்டலை விடுத்து விடை கொடுங்கள். முதல் மாதச் சிகிச்சைக்குப் பின் நுண்ணோக்கியில் புற்றணுக்கள் தென்படாமல் போகலாம். ஆனால் கண்ணுக்குத் தப்பியவை மீண்டும் பெருகக்கூடும் என்பதால்தான் மொத்தச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீள்கிறது. தினமும் உட்கொள்ளும் மெர்காப்டோபூரின் மாத்திரையில் நூற்றுக்கு ஐந்து வேளைக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. இதை அவனிடமே சொல்லி, மாத்திரைக் குறிப்பேட்டையும் அவன் கையில் கொடுங்கள். மேற்பார்வை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே என்பதில் மிகுந்த கவனம் தேவை. தவறித் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: சிகிச்சை முடிந்துவிட்டது. நாங்கள் மகிழ்ந்தோம், எங்கள் 10 வயது மகளோ முன்பைவிட அதிகமாகப் பயப்படுகிறாள். ஏன்?

பதில்: இத்தனை காலம் தன்னைக் காத்தது மருந்து என்று அவளுக்குத் தெரியும், அது நின்றால் அஞ்சத்தானே செய்வாள்? இனியும் குறித்த நாள்களில் ரத்தப் பரிசோதனை உண்டு என்பதையும், ஆண்டுகள் செல்லச் செல்ல நோய் திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும் என்பதையும் சொல்லுங்கள். இனி வரவே வராது என்று உறுதி கொடுக்காதீர்கள். பள்ளியில் கவனம் சிதறுவதோ கணக்கு மெதுவாக வருவதோ சிகிச்சையின் பின்விளைவாக இருக்கலாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அவள் பெற்ற மருந்துகளின் பெயர்களும் மொத்த அளவுகளும் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகள் பல ஆண்டுகள் கழித்தும் இதயத்தைப் பாதிக்கக்கூடும். அவள் வளர்ந்து கருவுறும் காலத்தில் பார்க்கும் மருத்துவர் இதய ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய அந்தத் தாளைத்தான் கேட்பார். ஆகவே அது எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.