தீபாவளி இரவு ஹோட்டல் பில்லில் ஏறிய 441 ரூபாய்: திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: தீபாவளியன்று இரவு குடும்பத்தினர் ஏழு பேர் வேலூரில் ஓர் ஏசி உணவகத்தில் சாப்பிட்டோம். உணவுக்கு 4,200 ரூபாய், அதன்மேல் 10 சதவீதம் ‘பண்டிகை சேவைக் கட்டணம்’ 420 ரூபாய், இரண்டையும் கூட்டி அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 231 ரூபாய் என்று மொத்தம் 4,851 ரூபாய்க்கு பில் வந்தது. 20 ரூபாய் விலை அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு 40 ரூபாய் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, “கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும், இன்று பண்டிகை” என்றார் மேலாளர். பின்னால் பலர் காத்து நின்றதால் கட்டிவிட்டு வந்துவிட்டோம். பணம் திரும்பக் கிடைக்குமா? 3,000 ரூபாய் கொடுத்தால் நுகர்வோர் வழக்குப் போட்டு 50,000 ரூபாய் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: சேவைக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த நபரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் சூட்டியும் வசூலிக்கக் கூடாது, உணவின் விலையோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ‘பண்டிகை’ என்ற சொல்லை முன்னால் ஒட்டியதால் அந்த 420 ரூபாய் நியாயமாகிவிடாது. அதன்மேல் போட்ட வரி 21 ரூபாயையும் சேர்த்து, நீங்கள் கேட்க வேண்டிய தொகை 441 ரூபாய். பண்டிகை நாளில் பிரியாணியின் விலையையே உயர்த்தி, அதை மெனு கார்டில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தால் அது வேறு விஷயம். விலையைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தோம் என்றாகிவிடும்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இதில்தான் தவறு செய்கிறார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது எங்கும் குற்றம் என்று நம்பி, அதையே புகாரின் முதல் வரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குப் பரிமாறும் பாட்டிலுக்கு அந்த விதி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்க யாரும் ஹோட்டலுக்குள் சென்று மேசையில் அமர்வதில்லை. இடம், குளிர்சாதனம், பரிமாறுபவரின் உழைப்பு எல்லாம் சேர்ந்த சேவை அது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஹோட்டலின் வாசலில் இருக்கும் இனிப்புக் கவுண்டரில் நின்றபடியே ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறீர்கள் என்றால், அங்கே இந்தக் காரணம் எதுவும் இல்லை. அச்சிட்ட 20 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாலும், மெனு கார்டில் 30 ரூபாய் என்று போட்டுவிட்டு பில்லில் 40 ரூபாய் போட்டால் அதையும் கேட்கலாம். உங்கள் மெனுவில் 40 என்றே இருந்திருந்தால் தண்ணீரைப் புகாரில் சேர்க்க வேண்டாம். தோற்கிற கோரிக்கை ஒன்று இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொண்டு பேசுவார்.

பில்லை இன்றே ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனில் படமும் பிடித்து வையுங்கள். அந்த வழவழப்பான தாளில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சு மட்டுமே இருக்கிறது. வேலூர் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் சில வாரம் கிடந்தால் எழுத்து மங்கி, பிறகு எதை வைத்தும் நிரூபிக்க முடியாது. பில்லின் தலைப்பில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். ‘காம்போசிஷன்’ வகை (சிறு வணிகர்கள் வரியை வாடிக்கையாளரிடம் வாங்காமல் தம் கையிலிருந்தே கட்டும் முறை) என்று காட்டினால், அவர்கள் உங்களிடம் ஜிஎஸ்டியே வசூலித்திருக்கக் கூடாது. 231 ரூபாய் முழுவதையும் கேட்கலாம்.

இனி அந்த 3,000 ரூபாய் நபர். இவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணமே கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இல்லாத கட்டணத்துக்குத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார். அதைவிடப் பெரிய ஆபத்து, இணையத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கும்போது அவர் தம்முடைய செல்போன் எண்ணைப் பதிந்துவிடுவது. ஆணையத்திலிருந்து வரும் தகவல்கள் எல்லாம் அதன்பின் அவருக்கே போகும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தார் இப்படி ஒருவரை நம்பி, வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் ஹோட்டல்காரரிடம் தனியாகப் பேசித் தொகையை வாங்கிக்கொண்டு, ‘சமரசம் ஆகிவிட்டது’ என்று அவர்கள் கையெழுத்திட்ட தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். புகார் முடிந்த செய்தியே அவர்களுக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எந்தத் தாளிலும் வெற்றாகக் கையெழுத்துப் போடாதீர்கள், ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், அசல் பில்லைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

முதலில் உணவகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, பில் நகலோடு விரைவு அஞ்சலில் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல உணவகங்கள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. திருப்பாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக நீங்களே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் வரை சட்டம் நேரம் தருகிறது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. வாய்தா மேல் வாய்தா வாங்குவதை எல்லோரும் பழக்கமாக்கிவிட்டார்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு அதிகாரிகள் நான்கு உணவகங்களுக்குச் சென்று பில் மென்பொருளில் இருக்கும் அந்த ஒரு வரியை எடுக்கச் சொன்னால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு, 441 ரூபாயைப் பறிகொடுத்தவர் தனித்தனியாக வந்து மனுப் போட வேண்டியிருப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. இதைக் காரணமாகக் கொண்டு நீங்கள் பின்வாங்கவும் வேண்டாம்.

கோரிக்கையில் 50,000 ரூபாய் என்று எழுதாதீர்கள். 441 ரூபாய், தபால், ஜெராக்ஸ், போக்குவரத்துச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை என்று தனித்தனியே காட்டுங்கள். விசாரணை நாளன்று அசல் பில், பணம் கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம், அஞ்சல் ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே நேரில் செல்லுங்கள்.