கியர்பாக்ஸ் முழுதாக உட்காரவில்லை. போல்ட் போட்டு இழுக்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே கிட் கார் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். முன்னால் என்ஜின், பின்சக்கர இயக்கம், மேனுவல் கியர். பழைய என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒருவரிடமே வாங்கினேன். “இரண்டும் ஜோடி” என்றார். இப்போது சேர்த்தால் கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடமாட்டேன் என்கிறது. போல்ட்டை மாட்டி மெல்ல மெல்ல இறுக்கினால் வந்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே இறுக்கியிருந்தால் முதலில் தளர்த்திவிடுங்கள். அந்த போல்ட்டுகளின் வேலை, சேர்ந்துவிட்ட இரண்டையும் பிரியாமல் பிடித்துக்கொள்வது. சேராததை இழுத்துச் சேர்ப்பது அல்ல. சரியாக நேர்கோட்டில் வந்த கியர்பாக்ஸ் கையால் தள்ளினாலே முகத்தோடு முகம் ஒட்டும். வம்படியாக இறுக்கினால் அலுமினிய பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடி என்ஜினோடு சேரும், கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) போல்ட் மாட்டும் காது உடையலாம். அதைவிட மோசம், எதுவும் உடையாமல் கிளட்ச் பிளேட் மட்டும் வளைவது. வண்டியை முழுதாகக் கட்டி முடித்து, முதல் கியர் போடும்போதுதான் அது தெரியவரும்.

உங்கள் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம், கிளட்ச் பிளேட் நடுவில் இல்லாததுதான். அதை ஃபிளைவீலோடு (என்ஜின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கிய பிறகு கிளட்ச் பிளேட் நகராது. ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனை, கிராங்க் (என்ஜினின் சுழலும் தண்டு) நுனியில் அதைத் தாங்க இருக்கும் சின்ன பைலட் பேரிங்குக்குள் போகாமல் அதன் விளிம்பில் இடித்து நிற்கும். பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, மையம் பிடிக்கும் கருவியை உள்ளே விட்டு, எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கண்ணளவில் மையம் பிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். பிறகு கியர்பாக்ஸை ஒரு கியரில் போட்டு, பின்முனையைக் கையால் லேசாகத் திருப்பினால் ஷாஃப்ட்டின் பல்லும் கிளட்ச் பிளேட்டின் பல்லும் பொருந்தும். அதுவரை கியர்பாக்ஸின் எடை ஜாக்கியில்தான் இருக்க வேண்டும், ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது.

இதெல்லாம் செய்தும் வரவில்லையா? அப்படியானால் எனக்கு அந்த “ஜோடி” மேல்தான் சந்தேகம். ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து கழற்றிய என்ஜினையும் மேனுவல் வண்டியின் கியர்பாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜோடி என்று விற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெல் ஹவுசிங் துளைகள் பொருந்தும், அதனால் வாங்குபவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் ஆட்டோமேட்டிக்குக்கு வந்த கிராங்க்கில் பைலட் பேரிங் பெரும்பாலும் இருக்காது. சிலவற்றில் அதற்கான துளையே முழுதாகக் கடையப்பட்டிருக்காது. ஷாஃப்ட் எங்கே போகும்? வெர்னியரை எடுத்து ஷாஃப்ட் முனையின் விட்டம், நீளம், கிராங்க் துளையின் விட்டம், ஆழம் நான்கையும் அளந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. விற்றவர் கொஞ்சம் ஷாஃப்ட்டை அறுத்துவிடச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இதே ஆட்கள்தான் என்ஜினின் கம்ப்யூட்டரையும் வயரிங்கையும் சாவியையும் பிரித்து வைத்துக்கொண்டு, என்ஜின் ஓடவில்லை என்று நீங்கள் திரும்பி வரும்போது தனி விலை சொல்வார்கள். பதிவுக்குப் போனால் என்ஜின் எண்ணுக்கும் ரசீதுக்கும் உங்களைத்தான் குடைவார்கள். விற்றவர் எந்த வண்டியிலிருந்து கழற்றினார் என்று எழுதிக் கொடுத்தாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. கிட் தயாரிப்பாளர்கள் சிலரோ கையேட்டில் “என்ஜினையும் கியர்பாக்ஸையும் பொருத்தவும்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்!

போல்ட் போட்டு இழுக்கக் கூடாது என்றேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் நண்பர் ஒருவேளை அதைத்தான் எங்கோ பார்த்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மிதிக்கும் கிளட்ச் இல்லை, ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. முதலில் கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே கியர்பாக்ஸுக்குள் தள்ள வேண்டும். அது படிப்படியாக, ‘டக் டக்’ என்று உள்ளே இறங்கும். கடைசிப் படி ஆயில் பம்ப்பைப் பிடிக்கும் இடம். அப்புறம் பெல் ஹவுசிங் இடைவெளியில்லாமல் கையாலேயே மூட வேண்டும். மூடிய பின்னும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீலுக்குப் பதில் கிராங்க்கில் இருக்கும் மெல்லிய தட்டு) நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அந்தச் சில மில்லிமீட்டரை மட்டும் கன்வெர்ட்டர் போல்ட்டுகள் முன்னால் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு என்பதைக் கியர்பாக்ஸின் அளவுப் பட்டியலில் பாருங்கள். இடைவெளியே இல்லை, கன்வெர்ட்டரும் சுற்றவில்லை என்றால் அது முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஹவுசிங்கை இறுக்கினால் பம்ப் நொறுங்கும். ஆக, இங்கும் ஹவுசிங் போல்ட்டால் இழுப்பது கிடையாது. உங்களுடையது மேனுவல் என்பதால் இந்தச் சலுகை உங்களுக்கு எப்படியும் இல்லை.

சேர்ந்த பிறகு கிராங்க்கை ஸ்பானரால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. மேலே இடம் இருந்தால் இரண்டையும் வெளியிலேயே சேர்த்து, கியர்பாக்ஸின் வால் கீழே சாயும்படி ஒன்றாக இறக்குவது சுலபம். கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் வகை என்றால், இறக்குவதற்கு முன்பே அதற்குரிய கிளட்ச் ஆயில் விட்டு, காற்றெடுத்து, கசிவு பார்த்துவிடுங்கள். என்ஜினிலிருந்து சேஸிக்கு எர்த் பட்டையையும் மறக்காமல் மாட்டுங்கள். மறந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடும், கேபிள் புகையும்.