கிரனாடாவின் இசை இரவுகளும் அரபுத் தேநீர் விடுதிகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்பெயினின் கிரனாடா நகரில் கோடைக்காலத்தில் நடக்கும் இசை விழாவைப் பற்றிப் பலமுறை படித்திருக்கிறேன். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் எனக்குப் பயிற்சி கிடையாது. அந்த விழாவுக்கென்றே பயணத்தை அமைத்துக்கொள்வது தகுமா?

பதில்: தாராளமாக. கிரனாடா சர்வதேச இசை, நடன விழா 1952-ஆம் ஆண்டில் தொடங்கி, ஜூன், ஜூலை மாதங்களில் நடந்துவருகிறது. அதன் வேர் இன்னும் பழையது. 1883-லேயே கார்ப்பஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்கத் திருநாளை ஒட்டி, அல்ஹம்ப்ரா என்ற பழைய அரண்மனைக் கோட்டை நிற்கும் குன்றின்மேல் உள்ள ஐந்தாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையில் சிம்பொனிக் கச்சேரிகள் நடந்திருக்கின்றன. விழாவின் முதன்மை மேடைகளுள் ஒன்றாக இன்றும் அந்த அரண்மனையே இருக்கிறது. பெத்ரோ மச்சூக்கா என்ற கலைஞரின் வடிவமைப்பில் 1527-இல் கட்டத் தொடங்கிய அந்தக் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் கனத்த சதுரமாகத் தெரியும். உள்ளே நுழைந்தால் இரண்டு அடுக்குத் தூண்கள் சூழ்ந்த, வானத்துக்குத் திறந்த வட்ட முற்றம் விரியும். அந்த முற்றத்தில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்போது ஒலி கல்லில் பட்டு உங்களைச் சுற்றி எழுவதை உணர்வதற்கு முன்பயிற்சி எதுவும் தேவையில்லை.

பயிற்சி இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி, முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு நிகழ்ச்சியைப் பார்ப்பதுதான். அல்ஹம்ப்ராவில் முஸ்லிம் சுல்தான்கள் கட்டிய நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நீண்ட குளத்தின் இருபுறமும் மிர்ட்டில் செடிகள் வேலியாக நிற்கும் அராயானெஸ் முற்றம், தனி வாத்தியத்துக்கும் சிறு குழுக்களுக்கும் ஏற்றது. அங்கே இருக்கைகள் குறைவு. நுழைவுச்சீட்டு விரைவில் தீர்ந்துவிடும். ஹெனரலிஃபே தோட்டத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே அமைந்த திறந்தவெளி அரங்கில் பாலேயும் ஸ்பானிய நடனமும் நடக்கும். இதே தோட்டத்தை நினைத்து ஸ்பானிய இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயா எழுதிய ‘ஸ்பெயின் தோட்டங்களில் இரவுகள்’ என்ற படைப்பு 1916-இல் மத்ரித்தில் அரங்கேறியது. அதன் முதல் பகுதியின் பெயரே ‘ஹெனரலிஃபேயில்’ என்பதுதான். அவர் கிரனாடாவில் குடியேறியது அதற்குப் பிறகுதான். பயணத்துக்கு முன் ஒரே ஒரு படைப்பை மட்டும் கேட்டுவிட்டுப் போக முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பகல் வெயில் கடுமையாக இருப்பதாலும் கோடையில் பொழுது மிகத் தாமதமாகச் சாய்வதாலும் திறந்தவெளி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரவு பத்து மணிக்குமேல்தான் தொடங்கும். கிரனாடா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சியெரா நெவாதா மலைத்தொடரின் அடியில் இருக்கிறது. எனவே பகலில் எவ்வளவு காய்ந்தாலும் இரவில் ஒரு சால்வை வேண்டியிருக்கும். விழாவின் துணைப் பகுதியாக நகரின் சதுக்கங்களிலும் முற்றங்களிலும் கட்டணமில்லாத நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. பெரிய அரங்குகளுக்குச் சீட்டுக் கிடைக்காதவர்கள் அவற்றைத் தவறவிடவேண்டாம். கோடை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, 1980 முதல் இலையுதிர் காலத்தில் நடந்துவரும் ஜாஸ் விழா இருக்கிறது.

கேள்வி: அரண்மனைக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் அல்ஹம்ப்ராவையும் பார்த்துவிடலாமா?

பதில்: முடியாது. கச்சேரிச் சீட்டு அந்த அரங்குக்கு மட்டுமே செல்லும். அல்ஹம்ப்ராவைப் பார்வையிடுவதற்கான சீட்டு வேறு. அது உங்கள் பெயரில் வழங்கப்படும், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கவேண்டும், நஸ்ரித் அரண்மனைகளுக்குள் அதில் குறித்த நேரத்தில்தான் நுழையலாம். கோடையில் அது பல நாள்களுக்கு முன்பே தீர்ந்துபோகும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் முன்பதிவு செய்யுங்கள். அதிகாலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. மாலையில் இசை கேட்கும் உடம்புக்கு நடுப்பகலில் ஓய்வு வேண்டும்.

கேள்வி: கிரனாடாவின் பழைய குடியிருப்பான அல்பைசின் பகுதியிலுள்ள அரபுத் தேநீர் விடுதிகள், மூர்கள் எனப்படும் முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்து தொடர்ந்து நடந்துவருபவை என்று ஒரு பயணக் குறிப்பில் படித்தேன். உண்மையா?

பதில்: உண்மையில்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உண்மை அந்தக் கற்பனையைவிடச் சுவையானது. கிரனாடாவின் கடைசி சுல்தான் 1492 ஜனவரி 2 அன்று நகரைக் கத்தோலிக்க மன்னர்களிடம் ஒப்படைத்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே முஸ்லிம்கள் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள்; 1568-இல் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு, மதம் மாறியவர்களின் வழிவந்தோரையும் கிரனாடாவிலிருந்து வெளியேற்றினார்கள்; 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்தே துரத்தினார்கள். இப்படி வேரோடு அறுபட்ட ஒரு சமூகத்தின் விடுதி ஐந்நூறு ஆண்டுகள் தொடர்ந்து நடந்திருக்க வழியே இல்லை.

மேலும், அந்த சுல்தான்கள் தேநீரை அறிந்தவர்கள் அல்லர். மொராக்கோவுக்கே தேயிலை 18-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்து சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த சீனப் பச்சைத் தேயிலைதான் புதினாவோடும் சர்க்கரையோடும் கலந்து அந்நாட்டின் அன்றாடப் பானமாயிற்று. எல்விரா தெருவிலிருந்து மேலேறும் கல்தெரேரியா நுவேவா, கல்தெரேரியா வியேஹா ஆகிய சந்துகளில் நீங்கள் காணும் ‘தெத்தேரியா’க்கள் 1980-களிலிருந்து உருவானவை. மொராக்கோவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களும், இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானியர்களும் அவற்றைத் தொடங்கி வளர்த்தார்கள். அதே அல்பைசினின் உச்சியில், சான் நிக்கோலாஸ் காட்சிமேடையை ஒட்டி, 2003-இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. துரத்தப்பட்ட ஒரு வாழ்க்கை பல நூற்றாண்டுகளுக்குப் பின் திரும்பிவந்து, தன் கையாலேயே விளக்கேற்றிக் கடை விரித்திருக்கிறது. பழமை என்று நம்பி உட்காருவதைவிட இதை அறிந்துகொண்டு உட்காருவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

புதினாத் தேநீர் கேட்டால் உலோகக் கெண்டியில் வரும். சுருட்டி உருட்டிய பச்சைத் தேயிலையை முதலில் வெந்நீரில் அலசி, கசப்பு நீங்க அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகுதான் புதினாவும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைப்பார்கள். கெண்டியை உயரத் தூக்கிச் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றுவது நுரை எழும்புவதற்காக. சர்க்கரை நமக்குப் பழகிய அளவைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் குறைக்கவேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல விடுதிகளில் மது கிடையாது. ஒரு கெண்டி தேநீரோடு ஒரு மாலைப்பொழுதையே அங்கே கழிக்கலாம். அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தால் அந்த இடம் உங்களுக்கு ஒன்றும் தராது.

கேள்வி: கிரனாடாவின் சாக்ரோமோந்தே குன்றிலுள்ள குகைகளில் நடக்கும் ஃபிளமெங்கோ ஆடல்பாடல் சுற்றுலாப் பயணிகளுக்கான வெறும் காட்சிதான் என்கிறார்களே?

பதில்: சுற்றுலாவுக்காக நடத்தப்படுவது உண்மை, அதனாலேயே அதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் குன்றின் ஜிப்ஸிக் குடும்பங்கள் ‘சம்பரா’ எனப்படும் ஆடலை வெளியாருக்கு முன் ஆடிக்காட்டி வாழ்ந்தது நீண்ட வரலாறு. எந்தக் குகையில் ஒலிபெருக்கி இல்லாமல், பாடகருக்கு உரிய நேரம் கொடுத்து நடத்துகிறார்கள் என்று விசாரித்துச் செல்லுங்கள்.

வணிகத்தால் ஆழமான பாட்டு அழிந்துவிடுமோ என்ற இந்தக் கவலை நூறாண்டுப் பழையது. அதற்காகவே ஃபாயாவும், அப்போது 24 வயதான கவிஞர் ஃபெதரிக்கோ கார்சியா லோர்க்காவும் நண்பர்களோடு சேர்ந்து 1922 ஜூன் 13, 14 இரவுகளில் அல்ஹம்ப்ராவின் அல்ஹிபெஸ் சதுக்கத்தில் காந்தே ஹோந்தோ எனப்படும் அந்த ஆழமான பாட்டுக்கான போட்டியை நடத்தினார்கள். தொழில்முறைப் பாடகர்கள் போட்டியிடக்கூடாது என்று விதித்தார்கள். பரிசு பெற்றவர்களுள் தியேகோ பெர்முதெஸ் என்ற முதியவரும், பின்னாளில் மனோலோ கரகோல் என்று பெரும்புகழ் பெற்ற சிறுவனும் இருந்தார்கள். ஆனால் அந்தச் சிறுவன் புகழ்பெற்றது தொழில்முறை மேடைகளில்தான் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். காசு வாங்கிப் பாடுவதால் மட்டும் பாட்டு பொய்யாகிவிடுவதில்லை.

கேள்வி: முழங்கால் வலியுள்ள என் அம்மாவையும் அழைத்துச் செல்கிறேன். தேநீரும் கச்சேரியும் ஒரே மாலையில் முடியுமா?

பதில்: முடியும். கல்தெரேரியா சந்துகள் ஏற்றமானவை என்பதால் எல்விரா தெருவை ஒட்டிய கீழ்ப்பகுதி விடுதிகளையே பாருங்கள். பலவற்றில் தரையோடு ஒட்டிய தாழ்ந்த மெத்தை இருக்கைகள்தான் இருக்கும். நாற்காலி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். இரவில் தூக்கம் கெடும் என்று அம்மா தயங்கினால், தேயிலை சேராத மூலிகைப் பானங்களும் கிடைக்கும். அங்கிருந்து அல்ஹம்ப்ராவுக்குக் கோமேரெஸ் ஏற்றத்தின் வழியே நடப்பது அழகான வழிதான் என்றாலும் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்; குன்றின்மேல் செல்லும் சி30 என்ற சிறிய நகரப் பேருந்திலோ டாக்ஸியிலோ செல்லுங்கள். கச்சேரி தொடங்குவதற்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் முன்பு மேலே இருப்பதுபோல் புறப்படுங்கள். திரும்பும்போது நள்ளிரவைத் தாண்டிவிடும் என்பதால் டாக்ஸிக்கும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.