இதைத் தமிழில் யார் விளையாடப் போகிறார்கள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதுகிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், பெரும்பாலும் நைட் ஷிப்ட். சின்ன வயதில் பெரியப்பா வீட்டுக் கணினியில், ரயிலும் லாரியும் விட்டுப் போக்குவரத்துக் கம்பெனி நடத்தும் டிரான்ஸ்போர்ட் டைகூன் என்ற விளையாட்டை விளையாடிக் கிறுக்குப் பிடித்து அலைந்தவன் நான். அதே விளையாட்டை ரசிகர்கள் பிரித்துப் படித்து மறுபடி எழுதி, ஓப்பன்டிடிடி என்ற பெயரில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. அதில் தமிழும் இருக்கிறது, ஆனால் பல வரிகள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. நாலு மாதமாக அந்த வரிகளை மொழிபெயர்த்து வருகிறேன். ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கப் போகும் முன் பத்து வரி, பதினைந்து வரி.

போன வாரம் என் மகன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். பதினாலு வயது. "அப்பா, இத தமிழ்ல யாருப்பா வெளாடப் போறா?" என்றான். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குப் பிறகு ஒரு வரிகூடச் செய்யவில்லை.

முப்பது வருடப் பழைய விளையாட்டு, ரசிகர்களின் அன்பினால் மட்டும் உயிரோடு இருக்கிறது, எங்கள் தலைமுறை போனால் அதுவும் போய்விடும் என்று தோன்றுகிறது. இன்னொன்று, ஊர்ப்பெயரோடு 'இல்', 'க்கு' சேர வேண்டிய இடங்களில் வசமாக மாட்டிக்கொள்கிறேன். ரயில் என்று போடுவதா, தொடர்வண்டி என்று போடுவதா என்றும் குழப்பம். உங்கள் கருத்து வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றிரவே, கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டில், ஓப்பன்டிடிடியைத் திறந்து மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடம் விளையாடியும் அதைச் செய்து பார்த்ததில்லை என்பதில் எனக்கு வருத்தம். அன்றைக்கு எழுந்திருக்க விடியற்காலை ஆகிவிட்டது.

நானும் உங்களைப் போலத்தான். 1996இல் நண்பன் ஒருவன் டிஸ்கெட்டுகளில் போட்டுக் கொடுத்தது எனக்கு வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன். அப்பா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்தவர், வடக்குப் பாதையில், தைப்பிங் பக்கம் பல வருடம். ஒருநாள் சாயந்தரம் எனக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார், அப்புறம் கேட்டார், "டோக்கன் எங்க?" ஈப்போவுக்கு வடக்கே அன்றைக்கு ஒற்றைப் பாதைதான், எதிரும் புதிருமாக இரண்டு வண்டி ஒரே துண்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவர் கையில் டோக்கன் கொடுப்பார், அது கையில் இல்லாமல் வண்டி நகராது. விளையாட்டில் டோக்கன் கிடையாது, சிக்னல் வைக்க வேண்டும் என்றேன். சரி, எங்கே வைத்திருக்கிறாய் காட்டு என்றார். நான் வைத்திருந்த இடம் தப்பு. அன்றிரவு பதினோரு மணி வரை அவர் சொல்லச் சொல்ல நான் சிக்னல்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நிலையத்துக்குத் தைப்பிங் என்று பெயர் வைக்கச் சொன்னார். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடிந்தது.

அப்படி அடித்துச் சேமித்த கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓப்பன்டிடிடி அதைத் திறக்கிறது தம்பி. பழைய டீலக்ஸ் பதிப்பில் சேமித்த ஆட்டத்தைக்கூடத் திறக்கும்படி யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பா போன பிறகு அதைத் திறந்து, தைப்பிங் என்பதைத் தமிழில் மாற்றி அடித்தேன். இப்போது அதற்கு இடம் கொடுக்கிறது.

இதைச் சொன்னால், அன்புதான் விளையாட்டை உயிரோடு வைத்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் உயிரை விட்டு விளையாடிய எத்தனையோ விளையாட்டுகள் இன்று திறக்கவே மாட்டேன் என்கின்றன. டாஸ் காலத்துப் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது, நாம் அவற்றின் மேல் எவ்வளவு பிரியம் வைத்திருந்தாலும் ஓடாது. கிறிஸ் சாயர் டிரான்ஸ்போர்ட் டைகூனை எழுதியது அசெம்பிளி மொழியில். 1994இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்டது, மேம்படுத்திய டீலக்ஸ் பதிப்பு 1995இல் வந்தது. அசெம்பிளி என்றால் இன்டெல் வகைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளை அதற்கென்றே வரி வரியாக எழுதுவது. அன்றைய கணினியில் அத்தனை வண்டிகள் திணறாமல் ஓடியதற்கு அது ஒரு காரணம், ஆனால் வேறு வகைச் சிப்புக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

ரசிகர்கள் முதலில் செய்தது டிடிடிபேட்ச். மூலநிரல், அதாவது சாயர் எழுதிய கட்டளைகள், கையில் இல்லாமலேயே, ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை நினைவகத்துக்குள் போய்த் திருத்துவார்கள். கெட்டிக்கார வேலை, ஆனால் சாயரின் புரோகிராம் ஓடும் வரைக்கும்தான் அதுவும் ஓடும். ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகெயுஸ்தான் மொத்தத்தையும் பிரித்துப் படித்து சி மொழியில் எழுதி, 2004 மார்ச்சில் வெளியிட்டார். ஜிபிஎல் உரிமத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம், மாற்றியதை வெளியிட்டால் அதே உரிமையை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்தது. ஆரம்பித்தவர் நகர்ந்துவிட்டார். மியூடோரன்ட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதினார், ஸ்பாட்டிஃபை என்ற இசை நிறுவனத்துக்குப் போனார். விளையாட்டு நிற்கவில்லை, ஏனென்றால் நிரல் வெளியே இருந்தது, அடுத்து வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்தவை எல்லாம் பொறுமையைச் சோதிக்கும் வேலைகள். முதல் பல வருடங்கள், பழைய டிஸ்க்கில் இருந்த படங்களும் ஒலிகளும் இல்லாமல் ஓப்பன்டிடிடியை விளையாட முடியாது. அவை சாயரின் விளையாட்டுக்குச் சொந்தமானவை, பகிர்ந்து கொடுக்க முடியாதவை. அதனால் எல்லாவற்றையும் புதிதாக வரைய உட்கார்ந்தார்கள். ஒரு லாரி என்றால் எட்டுத் திசைக்கு எட்டுப் படம், அதே மாதிரி ஒவ்வொரு எஞ்சினுக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும், அப்புறம் வீடுகள், மரங்கள், சுரங்கங்கள், பாலங்கள், தண்டவாளத்தின் ஒவ்வொரு வளைவு. பல பேர், பல நாடு, சம்பளம் இல்லை. ஒலிகளும் இசையும் அப்படியே. அந்தப் புதிய படத்தொகுதியும் ஒலித்தொகுதியும் கையில் இருந்ததால்தான் 2010 ஏப்ரலில் வந்த 1.0 பதிப்பை ஒரிஜினல் டிஸ்க் இல்லாத ஒருவராலும் விளையாட முடிந்தது. தன் முறைக்கு வந்த லாரியின் ஐந்தாவது திசையை வரைந்து முடித்துவிட்டு ஆறாவதைத் தொடங்கிய ஒருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்கள் பத்து வரி, பதினைந்து வரி அந்த வகை வேலைதான்.

எங்கள் தலைமுறை போனால் போய்விடும் என்கிறீர்கள். நெட்ஹேக் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, 1987இலிருந்து. 2003இல் ஒரு பதிப்பு வந்தது, அடுத்த பெரிய பதிப்பு 2015இல்தான். நடுவில் பன்னிரண்டு வருடம் மூலக் குழுவிடமிருந்து ஒன்றுமே வரவில்லை, ஆனால் வெளியே இருந்தவர்கள் அந்த நிரலை எடுத்துத் தங்கள் தங்கள் வழியில் வளர்த்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த தலைமுறை வருமா என்பதை நம்மால் முடிவு செய்ய முடியாது. வந்தால் எடுத்துக்கொள்ளும் நிலையில் அது இருக்கிறதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. சும்மா வைத்திருந்தால் அந்த நிலையில் இருக்காது. விளையாட்டில் புது வசதி சேரும்போதெல்லாம் புது ஆங்கில வரிகள் சேரும், தமிழில் அந்த வரி இல்லையென்றால் திரையில் ஆங்கிலம் வந்து நிற்கும். யாரும் தமிழ்க் கோப்பைக் கெடுக்கவில்லை, ஆனாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அப்பா மழை பெய்த மறுநாள் தன் பாதையை நடந்து பார்ப்பார். நேற்று சரியாக இருந்தது என்பது அவருக்குக் கணக்கே இல்லை.

சரி, நீங்கள் கேட்ட 'இல்', 'க்கு' என்ற உருபுகளுக்கு வருகிறேன், இதில் நான் இரண்டு நாள் யோசித்தேன். வாக்கியத்தில் ஓர் ஓட்டை விட்டிருக்கும், ஊர்ப்பெயரை நிரல் பிற்பாடு கொண்டுவந்து சொருகும். ஆங்கிலத்துக்கு அது பிரச்சினை இல்லை, பெயர் எதுவானாலும் முன்னால் ஒரு சின்னச் சொல் வைத்தால் போதும். நமக்கு ஈப்போ என்றால் ஈப்போவில், கிள்ளான் என்றால் கிள்ளானில், பினாங்கு என்றால் பினாங்கில். ஈரோடு ஈரோட்டில் ஆகும். சிதம்பரம் சிதம்பரத்தில் ஆகும், ஆனால் கூலிமும் 'ம்'மில்தான் முடிகிறது, அதைக் கூலிமில் என்றுதான் சொல்கிறோம், கூலித்தில் என்று யாராவது சொல்வார்களா? இத்தனையையும் நிரலுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது, அதுவும் நிரலே உருவாக்கும் ஊர்ப்பெயர்களுக்கு. அதனால் உருபைப் பெயரோடு ஒட்டாதீர்கள். நடுவில் ஒரு பொதுச்சொல்லை வையுங்கள், உருபு அதில் ஒட்டட்டும்: ஈப்போ நகரில், கூலிம் நகரில், தைப்பிங் நிலையத்துக்கு. எல்லா இடத்திலும் அது நன்றாக இருக்காது. ஓர் ஊருக்கு முதல் ரயில் வரும்போது மக்கள் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு செய்தி வருமே, அந்த மாதிரி இடங்களில் நம் பத்திரிகைத் தலைப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள். பெயரை முதலில் தனியாக நிறுத்திவிட்டு, 'தைப்பிங் நிலையம்: முதல் ரயில் வந்தது!' என்று போட்டால் உருபே தேவைப்படாது, படிக்கவும் துடிப்பாக இருக்கும். எண்ணுக்குப் பின் வரும் 'கள்' பற்றியும் கவலை வேண்டாம், ஐந்து ரயில் என்றாலே நல்ல தமிழ்தான்.

ரயிலா தொடர்வண்டியா? ரயில். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கோச்சி என்பார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கும், நம் ஊரின் பழைய ஸ்டேஷன் மாஸ்டர்களில் பலர் அவர்கள்தான், ஆனால் எல்லா நாட்டுத் தமிழருக்கும் சட்டென்று புரிவது ரயில். லாரி, சிக்னல் இரண்டும் அப்படியே இருக்கட்டும். தண்டவாளம், சரக்கு, பணிமனை, நிலக்கரி எல்லாம் வாயில் புழங்கும் சொற்கள், அவற்றைத் தயங்காமல் போடுங்கள். ஒன்று மட்டும்: ஒரு பொருளுக்கு ஒரு சொல். நான் உட்கார்ந்த அன்று ஒரே பொருளுக்கு ஒரு ஜன்னலில் ஒரு சொல்லும் அடுத்த ஜன்னலில் வேறு சொல்லும் வந்து கொஞ்ச நேரம் தடுமாறினேன். நீங்கள் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், பழைய வரிகளையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் மகனின் கேள்வி. அவனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் கோலா செப்பெத்தாங் போய் வாருங்கள், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அதிக தூரம் இல்லை. பழைய பெயர் போர்ட் வெல்ட். இந்த நாட்டின் முதல் ரயில் பாதை அங்கிருந்து தைப்பிங்குக்குத்தான் போட்டார்கள், 1885இல். இப்போது தண்டவாளம் இல்லை, எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷன் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், தமிழ் நான்கிலும் எழுதியிருக்கிறது. பதிமூன்று கிலோமீட்டர் பாதையில் போய் வந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தமிழைப் படித்தார்கள் என்று யாரும் எண்ணி வைத்திருக்க மாட்டார்கள். பாதை போட்ட கூலிகளில் தமிழர் இருந்தார்கள், வண்டியில் ஏறியவர்களில் இருந்தார்கள், அதனால் பலகையில் தமிழ் இருந்தது. ரயிலைப் பற்றிய ஒரு விளையாட்டில் தமிழ் ஏன் இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டோம்.

யார் விளையாடுவார்கள் என்று அவன் மறுபடி கேட்டால், செந்தூலில் ஒருவர் விளையாடுகிறார் என்று சொல்லுங்கள். என் ஆட்டம் இப்போது 1974இல் நிற்கிறது, நேற்றிரவு ஒரு நிலக்கரிச் சுரங்கம் மூடப்போவதாகச் செய்தி வந்தது, ஆங்கிலத்தில். அது நீங்கள் இன்னும் தொடாத வரியாக இருக்க வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வருகிறேன். ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், மாட்டிக்கொண்ட வரிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அதற்குள் அந்த நிலக்கரி வரியை முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்