மருந்தைக் கூட்டினால் ஒளி சிகிச்சை மந்தமாவது ஏன்?

கேள்வி: பிஎல்ஜிஏ என்ற, உடலில் சிதையும் பாலிமரால் ஆன நானோ துகள்களில், ஒளி பட்டால் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் டெமோபோர்ஃபின் மருந்தை அடைக்கிறேன். 2 சதவீதமாக இருந்த மருந்தை 10 சதவீதமாக்கினேன். செல்களுக்குக் கொடுத்த மொத்த மருந்து ஒன்றுதான். ஆனாலும் 652 நானோமீட்டர் சிவப்பொளியில் புற்றுநோய்ச் செல்கள் முன்பைவிடக் குறைவாகவே இறக்கின்றன. ஏன்?
– எம்.ஃபார்ம் மாணவி, மதுரை

பதில்: பெரும்பாலும் துகளுக்குள் இருக்கும் நெரிசல்தான் காரணம். டெமோபோர்ஃபின் தண்ணீரில் கரையாது. அளவு கூடினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாங்கிய ஒளி ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவி வெப்பமாக வீணாகிவிடும், ஆக்ஸிஜனுக்குப் போகாது. செல்லைக் கொல்வது, அந்த ஆற்றலை வாங்கிய ஆக்ஸிஜனான சிங்க்ளெட் ஆக்ஸிஜன் என்பதால் பலன் குறைகிறது. ஆய்வகத்தில் இதைக் குவென்ச்சிங் என்போம்.

ஒரே நாளில் உறுதி செய்யலாம். சம அளவு மருந்துள்ள இரண்டு மாதிரிகளில் ஒன்றைத் தண்ணீரில் துகளாகவே விடுங்கள், மற்றதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் முழுக்கக் கரையுங்கள். தூண்டும் அலைநீளத்தில் அப்சார்பன்ஸ் (ஒளியை உறிஞ்சும் அளவு) 0.1-க்குக் கீழே இருக்கும்படி நீர்க்கச் செய்து ஒளிர்வை அளவிடுங்கள். கரைசல் பளிச்சென்றும் துகள் மிக மங்கலாகவும் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த தொகுதியை 1 சதவீதத்தில் தொடங்குங்கள். 10 மில்லிகிராம் பிஎல்ஜிஏ, 0.1 மில்லிகிராம் மருந்து, 1 மில்லி அசிட்டோன், இதை 0.5 சதவீத பிவிஏ (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பாலிமர்) கலந்த 5 மில்லி தண்ணீரில், கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடவும். மூடாமல் இருட்டில் 3, 4 மணி நேரம் சுழலவிட்டால் அசிட்டோன் ஆவியாகிவிடும். அடியில் ஊதா நிறப் படிவு தெரிந்தால் அது துகளுக்குள் போகாத மருந்து. அதை நீக்காமல் மருந்தளவைக் கணக்கிட்டால் எல்லாமே பிசகும்.

செல்களோடு எத்தனை மணி நேரம் வைத்து ஒளி பாய்ச்சினீர்கள் என்பதும் முக்கியம். மருந்து துகளைவிட்டு வெளியேறிப் பிரிந்ததும் வேலை செய்யத் தொடங்கும். 4 மணி நேரத்தையும் 24 மணி நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பீட்டுக்காக ஒளி படாத செல்களையும் கட்டாயம் வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஒளி சிகிச்சை தர போர்ஃபிமர் சோடியம் என்ற மருந்தை ஊசியாகப் போடப்போகிறார்கள். வெயிலில் போகக்கூடாதாமே, சன்ஸ்கிரீன் போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: போதாது. சன்ஸ்கிரீன் தடுப்பது முக்கியமாகப் புறஊதாக் கதிரை. இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. குறைந்தது 30 நாள் வெயிலையும் பிரகாசமான விளக்குகளையும் தவிர்க்க வேண்டும். வெளியே போக நேர்ந்தால் முழுக்கை உடை, கையுறை, தொப்பி, கருப்புக் கண்ணாடி வேண்டும். அதற்காக அவரை இருட்டறையில் அடைத்து வைக்காதீர்கள். வீட்டின் சாதாரண வெளிச்சம் நல்லது. தோலில் தங்கிய மருந்தை அது மெல்ல மெல்லச் சிதைக்கும்.