27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு டிஹெச்ஏ சொட்டு மருந்து

நீங்களாகத் தொடங்க வேண்டாம். 27 வாரத்தில் பிறந்து, இப்போது 2.6 கிலோவுடன் வீட்டுக்கு வந்திருக்கும் மகளுக்கு, "மூளைக்கு நல்லது" என்று உறவினர் வாங்கித் தந்த டிஹெச்ஏ (மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு) பாட்டிலைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. டிஹெச்ஏ தாயிடமிருந்து சிசுவுக்குப் பெருமளவு போவது கடைசி மூன்று மாதத்தில்தான். அந்தக் காலம் உங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. 29 வாரத்துக்கு முன் பிறந்த ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்கு, தினம் கிலோவுக்கு 60 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 5 வயதில் அவர்களின் சராசரி ஐக்யூ 95.4, மற்றவர்களுக்கு 91.9. ஆனால் அதை மருத்துவமனையிலேயே, பால் தொடங்கிய முதல் சில நாட்களில் ஆரம்பித்து, கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆனதும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள்.

இன்றே பாருங்கள்:

1. பாட்டில் லேபிளில் 'காட் லிவர் ஆயில்' என்றிருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு. டாக்டர் தந்த வைட்டமின் டி சொட்டோடு சேர்ந்தால் அளவு மீறலாம்.

2. பால் பவுடர் கொடுத்தால், டப்பாவில் டிஹெச்ஏ ஏற்கெனவே இருக்கிறதா?

தாய்ப்பால் என்றால் நீங்கள் மத்தி, நெத்திலி சாப்பிடுங்கள், பாலில் டிஹெச்ஏ கூடும். பால் சுறா வேண்டாம், பாதரசம் அதிகம்.

ஒன்றை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்: குழந்தைக்கு நீண்ட நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டதா? அதே ஆய்வில் டிஹெச்ஏ பெற்றவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு குறையவில்லை, சற்றுக் கூடுதலாகவே இருந்தது.