கடைசிப் பகுதியில்தான் தெரியும்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மைத்துனர் விலை உயர்ந்த சுருட்டு மூன்று கொண்டுவந்தார். ஒன்றைப் பற்றவைத்தேன். பத்து நிமிடத்தில் தலை சுற்றியது. நம் ஊர் பர்மியச் சுருட்டான ஸேபொலெய்யைவிட அதில் அப்படி என்ன இருக்கிறது என்று புரியவில்லை. மீதி இரண்டையாவது ரசித்துப் பிடிக்க வழி சொல்லுங்கள். (ரங்கூன் வாசகர்)

பதில்: தம்பி, முதலில் தலைசுற்றலைப் பார்ப்போம். வெறும் வயிற்றில், சிகரெட் போல வேகமாக இழுத்திருப்பீர்கள். சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ளது. அதனால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், நெஞ்சுக்குள் இழுக்கவே வேண்டாம். அடுத்த முறை நன்றாகச் சாப்பிட்டு அரை மணி கழித்து உட்காருங்கள். பக்கத்தில் வெறுந்தேநீரும் இரண்டு துண்டு பனைவெல்லமும் இருக்கட்டும். கிறுகிறுப்பு வந்தால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு வெல்லத்தை வாயில் போடுங்கள்.

ஸேபொலெய்யோடு இதை ஒப்பிட வேண்டாம். என் அம்மா மோல்மேனில் ஸேபொலெய் சுற்றித்தான் எங்களை வளர்த்தார், அதனால் இரண்டுமே எனக்கு நெருக்கம். ஸேபொலெய்க்கு மேலே சுற்றுவது புகையிலையே அல்ல, பர்மியர் தனப்பெ என்று சொல்லும் நறுவிலி இனத்து மரத்தின் இலை. உள்ளே நறுக்கிய புகையிலையும் காம்புத் தூளும், வாய்ப்பக்கம் சோளத் தோகை. இன்லே ஏரிப் பக்கம் போனால் பெண்கள் மடியில் தட்டு வைத்துச் சுற்றுவதைப் பார்க்கலாம். பேச்சுத் துணைக்கு ஏற்ற மென்மையான புகை அது.

உங்கள் கையில் இருப்பது முழுக்கப் புகையிலை. உள்ளே நீள இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்க ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேலே நரம்பு தெரியாத மெல்லிய இலை. பறித்த இலையைக் கொட்டகையில் உலர்த்தி, குவித்துப் புளிக்கவைத்து, பிறகு மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் ஆறப்போடுவார்கள். அந்தக் காத்திருப்புக்குத்தான் காசு. சரியாகப் புளிக்காத இலை என்றால் அமோனியா வாடை மூக்கில் ஏறும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

பற்றவைக்கும் முன் சுருட்டை விரலால் மெதுவாக அமுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருந்தால் சுற்றியவர் கை அன்று சரியில்லை. வாயில் வைக்கும் பக்கத்தை மூடியிருக்கும் இலைத் தொப்பியில் 2 மில்லிமீட்டர் போல மட்டும் வெட்டுங்கள், அதிகம் வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும். நெருப்பில்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், வைக்கோலும் உலர்ந்த பழமும் கலந்த மாதிரி ஒரு சுவை வரும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாடை ஒட்டிக்கொள்ளும். நீளத் தீக்குச்சியால் நுனியைச் சுற்றிலும் வாட்டிய பிறகு இழுங்கள்.

அப்புறம் நிமிடத்துக்கு ஒரு இழுப்புதான். ரொபஸ்டோ என்னும் 5 அங்குல நீளத் தடிச் சுருட்டு முக்கால் மணிக்குக் குறையாமல் ஓட வேண்டும். சுருட்டை மூன்று பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் தீர்ப்பு எழுதாதீர்கள், அது இன்னும் சூடு பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில்தான் இலை பேசத் தொடங்கும். கடைசிப் பகுதியில் கசப்பும் சூடும் மட்டுமே மிஞ்சினால் சுமார் சுருட்டு. அங்கேயும் இனிப்பு தங்கியிருந்தால் நல்ல சுருட்டு. உங்கள் பத்து நிமிடத்தில் அது எப்படித் தெரியும்?

கேள்வி: நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் சுருட்டு கெடுதல் இல்லை என்கிறார்களே? (பெகு வாசகர்)

பதில்: நம்பாதீர்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் சுருட்டாலும் வருகிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். புகையிலை போட்ட வெற்றிலையும் மெல்லுகிறவர் என்றால் அபாயம் இன்னும் அதிகம். நான் மாதம் இரண்டு என்று வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது தொடுவதில்லை. பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ஆசையாக வைத்திருக்கும் சுருட்டுகளில் மழைக்காலத்தில் வெள்ளை படர்ந்திருக்கிறது. தூக்கி எறியவா? (மோல்மேன் வாசகி)

பதில்: அவசரம் வேண்டாம், அம்மா. மேல் இலையில் மட்டும் லேசான வெள்ளை என்றால் உலர்ந்த துணியால் துடைத்துத் தனியே வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். பச்சையோ நீலமோ பஞ்சு போல நின்றால், அல்லது எரியும் நுனிக்குள்ளே பூசணம் தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

நான் கப்பலில் சமையல் வேலை பார்த்த நாளில், விடுமுறைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் இருபத்தைந்தும் பச்சையாகப் பூத்திருந்தன. வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் உங்களுடையது, மரப்பெட்டியை மட்டும் நம்ப முடியாது. இறுக மூடும் கண்ணாடி ஜாடியும் 65 சதவீத ஈரப்பதம் காக்கும் சிறு பையும் போதும். ஈரமானியைச் சோதிக்க, பாட்டில் மூடியில் உப்பைக் கொஞ்சம் நனைத்து, மானியோடு ஜிப் பையில் ஓர் இரவு மூடிவையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். வெயில் காலத்தில் ஊசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் புகையிலை வண்டு. உறைபெட்டியில் சில நாள் வைத்தால் சாகும், ஆனால் அடிக்கடி கரண்ட் போகும் நம் ஊரில் அதையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர்கள் 'கோகோ, தோல், செடார் மரம்' என்றெல்லாம் சுவை எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கு மட்டமா? (தட்டோன் வாசகர்)

பதில்: இல்லவே இல்லை. செடார் மரத்தை வாழ்நாளில் முகராதவருக்கு அந்தச் சொல் எப்படி வரும்? 'செரூட்' (cheroot) என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். ஒருகாலத்தில் திருச்சிச் சுருட்டு கடல் தாண்டிப் போய் விற்றது. குலதெய்வம் முனியாண்டிக்கு முன்னால் சுருட்டு புகைவதை முகர்ந்து வளர்ந்த மூக்கு நமக்கு. உங்கள் சமையலறையிலிருந்தே சொல் எடுங்கள்: வறுத்த மல்லி, தீய்ந்த கருப்பட்டி, மிளகு, லபெ என்னும் தேயிலை ஊறுகாயின் துவர்ப்பு, முதல் மழை நனைத்த மண். ஒரு நோட்டில் தேதி, பெயர், இழுப்பு எப்படி, எரிதல் நேரா கோணலா, மூன்று பகுதியிலும் என்ன தோன்றியது என்று நாலு வரி. ஆறு மாதம் கழித்து அதே சுருட்டைப் பிடித்துவிட்டுப் பழைய பக்கத்தைத் திறங்கள். என் நோட்டில் ஒரு நிகரகுவா சுருட்டுக்கு முதலில் 'மிளகு, வாய் காய்கிறது' என்று இருக்கிறது. அடுத்த மழைக்குப் பிறகு எழுதியது: 'அம்மா அடுப்பில் வறுத்த கடலைத் தோல்.'